பாட்டி கொடுத்த கர்ப்பப்பையில் பேத்தி வளர்ந்தாள்!

தாய் எந்தக் கர்ப்பப்பையில் இருந்து பிறந்தாளோ, அதே கர்ப்பப்பையில் அவளுடைய மகளும் இருந்து பிறந்தாள்!

புராணக் கதையா? இல்லை. மராட்டிய மாநிலம் புனே நகரத்தில் நடந்த உண்மை.

2018-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 18-ந் தேதி. அங்குள்ள கேலக்சி கேர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நிறைமாதத்துக்கு முன்பே பிறந்துவிட்டதால் எடை 1,450 கிராம்தான். ஆனால் குழந்தை உயிரோடு அழுதது. அந்த அழுகுரலைக் கேட்க அதன் தாய் பல ஆண்டுகள் தவம் கிடந்தாள்.

தாய் குஜராத்தைச் சேர்ந்த இளம்பெண். பல முறை கருவுற்றும் அவளுக்கு ஒரு பிள்ளைகூடத் தங்கவில்லை. கர்ப்பப்பை பழுதாகிவிட்டது. 2017-ம் ஆண்டு மே மாதம், அவளைப் பெற்ற தாய் தன் கர்ப்பப்பையை மகளுக்குக் கொடுத்தாள். டாக்டர் சைலேஷ் புண்டம்பேக்கரும் அவருடைய குழுவினரும் அதைத் தாயிடமிருந்து எடுத்து மகளுக்குப் பொருத்தினார்கள்.

மாற்றிப் பொருத்திய கர்ப்பப்பையில் இந்தியாவில் பிறந்த முதல் குழந்தை அதுதான்.

கிளியனூர்த் திண்ணையில்...

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கிளியனூர். கிழக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். கொளுத்தும் வெயிலில், உப்புத் தண்ணீரில் கால் ஊற நின்று ஆணும் பெண்ணும் பாடுபடும் பகுதி.

இந்த ஊர்த் திண்ணை ஒன்றில் புனே செய்தியைச் சொன்னால் என்ன நடக்கும்? முதலில், "கலி முற்றிவிட்டது" என்பார்கள். பிறகு கேள்விகள் வரும்.

"அது யார் பிள்ளை?"

"கொடுத்தவளுக்கு ஒன்றும் ஆகாதா?"

"ஆம்பிளைக்கும் இப்படி மாற்ற முடியுமா?"

"இது ஏழை வீட்டில் புகுந்தால் கதி என்ன?"

இந்த நாலு கேள்விகளும் லேசான கேள்விகள் அல்ல. உலகத்துப் பெரிய டாக்டர்களும் சட்ட நிபுணர்களும் இன்று விவாதிப்பது இவற்றைத்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் பிள்ளை?

முதலில், யாருக்கு இந்த ஆபரேஷன் தேவைப்படுகிறது?

சில பெண்கள் கர்ப்பப்பை இல்லாமலே பிறக்கிறார்கள். ஏறத்தாழ 5 ஆயிரம் பெண்களில் ஒருவருக்கு இந்தக் குறை இருக்கிறது. உடல் வளர்ச்சியெல்லாம் மற்றப் பெண்களைப் போலத்தான் இருக்கும். சினைப்பையும் இருக்கும். மாதவிடாய் மட்டும் வராது. பதினாறு பதினேழு வயதில் டாக்டரிடம் காட்டும்போதுதான் விஷயம் தெரியும். வேறு சிலர் புற்றுநோயாலோ, பிரசவத்தில் ஏற்பட்ட ரத்தப்போக்காலோ கர்ப்பப்பையை இழந்தவர்கள்.

டாக்டர்கள் முதலில் அந்தப் பெண்ணின் சினை முட்டையை எடுக்கிறார்கள். அதைக் கணவனின் உயிரணுவோடு சேர்த்து, சோதனைச்சாலையில் கருவை உண்டாக்கிக் குளிரில் உறைய வைக்கிறார்கள். அதன் பிறகுதான் கர்ப்பப்பை மாற்று ஆபரேஷன். புதுக் கர்ப்பப்பை உடம்போடு ஒத்துப்போன பிறகு கருவை உள்ளே வைக்கிறார்கள்.

ஆகவே முட்டை அவளுடையது. உயிரணு அவள் கணவனுடையது. கர்ப்பப்பை மட்டுமே இரவல். மரக்காணத்துக்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பாத்தி யாருடையதாக இருந்தாலும், அதில் விளையும் உப்பு, பாய்ச்சிய தண்ணீரில் இருந்த உப்புதான். பிள்ளை அந்தத் தம்பதியின் பிள்ளையே!

வலி தெரியாத கர்ப்பம்

கர்ப்பப்பையை எடுத்து வைப்பது, சட்டையில் பித்தான் மாற்றுவது போன்ற வேலை அல்ல. மெல்லிய ரத்தக்குழாய்களையும் சேர்த்து எடுக்க வேண்டும். கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயின் அடியிலேயே சிறுநீர்க் குழாய் ஓடுகிறது. கத்தி கொஞ்சம் பிசகினால் கொடுத்தவளுக்கு ஆபத்து. எடுத்த கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்களை, வாங்குபவளின் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்களோடு தைக்கிறார்கள்.

நரம்புகளை இணைப்பதில்லை. அதனால் கர்ப்பப்பை சுருங்கும்போது அவளுக்குப் பிரசவ வலி தெரியாது. கருக்குழாயையும் இணைப்பதில்லை. அதனால் இயற்கையாகக் கரு உண்டாகாது. பிரசவமும் வயிற்றைக் கீறித்தான்.

இன்னொரு விஷயம் கேளுங்கள். பிறர் உறுப்பு ஒன்று நம் உடம்புக்குள் வந்தால், உடம்பு அதை எதிரி என்று எண்ணித் தாக்கும். அதைத் தடுக்கத் தினமும் மருந்து சாப்பிட வேண்டும். அந்த மருந்து உடம்பின் காவல் சக்தியையே குறைத்துவிடும். தொற்றுநோய் எளிதில் பற்றும். நாளடைவில் சிறுநீரகமும் கெடலாம். அதனால் ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகள் பிறந்ததும், கர்ப்பப்பையைத் திரும்ப எடுத்துவிடுகிறார்கள். மருந்தையும் நிறுத்திவிடுகிறார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிடுவதற்காகவே வைக்கப்படும் உறுப்பு இது!

தோல்விகளின் கதை

இந்த வெற்றி ஒரே நாளில் வரவில்லை.

2000-ம் ஆண்டில் சவுதி அரேபியாவின் ஜெட்டா நகரில் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை பொருத்தினார்கள். 99 நாட்களில் ரத்தம் உறைந்து அது கெட்டது. எடுத்துவிட்டார்கள்.

சுவீடன் நாட்டு டாக்டர் மாட்ஸ் பிரான்ஸ்ட்ரோம் பல ஆண்டுகள் மிருகங்களிடம் சோதனை செய்து பார்த்தார். பிறகு 9 பெண்களுக்குக் கர்ப்பப்பை பொருத்தினார். அவர்களில் 2 பேருக்கு அதைச் சில மாதங்களிலேயே எடுக்க வேண்டி வந்தது. மற்றவர்களில் ஒருத்தி 2014 செப்டம்பரில் ஆண் குழந்தை பெற்றாள். உலகத்தில் இப்படிப் பிறந்த முதல் குழந்தை அது. அவளுக்குக் கர்ப்பப்பை கொடுத்தவள் 61 வயதுத் தோழி! மாதவிடாய் நின்றுபோன கர்ப்பப்பையும் பிள்ளையைச் சுமக்கும் என்று அன்று தெரிந்தது.

கொடுத்தவளுக்கு என்ன ஆகும்?

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். கர்ப்பப்பை வாங்குபவளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கொடுப்பவளைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

அமெரிக்காவில் டல்லஸ் நகரில் 20 பெண்களுக்குக் கர்ப்பப்பை பொருத்தினார்கள். 2024-ம் ஆண்டில் அதன் முடிவு வெளியாயிற்று. 14 பேருக்குக் கர்ப்பப்பை ஒட்டிக்கொண்டது. அந்த 14 பேரும் பிள்ளை பெற்றார்கள். மகிழ்ச்சிதான்! ஆனால், உயிரோடு இருந்து கர்ப்பப்பை கொடுத்த 18 பெண்களில் 4 பேருக்குப் பெரிய சிக்கல்கள் ஏற்பட்டன. நோய்நொடி இல்லாமல் ஆஸ்பத்திரிக்குள் நடந்துவந்தவர்கள் அவர்கள்!

சிறுநீரகம் கொடுத்தால் ஓர் உயிர் பிழைக்கும். ஈரல் கொடுத்தாலும் அப்படியே. கர்ப்பப்பை இல்லாவிட்டால் உயிர் போகாது. உயிரைக் காக்காத ஓர் ஆபரேஷனுக்காக, ஆரோக்கியமான இன்னொருத்தியை மேஜையில் படுக்க வைக்கலாமா? இதுதான் டாக்டர்களின் மனச்சாட்சியை உறுத்தும் கேள்வி.

இறந்தவர்களிடம் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். அதுவும் நடந்திருக்கிறது. பிரேசில் நாட்டின் சாவோ பாலோ நகரில், இறந்த பெண்ணின் கர்ப்பப்பை ஒன்றை 2016-ல் பொருத்தினார்கள். 2017 டிசம்பரில் அதில் குழந்தை பிறந்தது.

தமிழ்நாட்டுக்கு இறந்தவர்களின் உறுப்புதானம் புதிதல்ல. 2008-ம் ஆண்டில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த டாக்டர் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். நாடே கண்ணீர் விட்டது. ஆனால் இதயத்தைக் கொடு என்றால் கொடுக்கிற குடும்பம், மறைவுறுப்பைக் கொடு என்றால் தயங்கும். அந்தத் தயக்கத்தை யாரும் இழிவாகப் பேசக்கூடாது. தனியாகச் சொல்லி, தனியாகச் சம்மதம் கேட்பதுதான் முறை.

ஆண்களுக்கும் உண்டா?

உண்டு. வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய செய்தி அல்ல இது. போரிலும் விபத்திலும் புற்றுநோயிலும் ஆணுறுப்பை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வெளியே சொல்வதில்லை. உள்ளுக்குள்ளேயே குமைகிறார்கள்.

சீனாவின் குவாங்சோ நகரில், 2005-ம் ஆண்டில் இறந்த வாலிபர் ஒருவரின் உறுப்பை 44 வயதுக்காரருக்குப் பொருத்தினார்கள். ஆபரேஷன் வெற்றி! ரத்தம் ஓடியது. ஆனால் இரண்டே வாரத்தில் அதைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். ஏன்? அந்த மனிதராலும் அவர் மனைவியாலும் அதை மனத்தால் ஏற்க முடியவில்லை. உடம்பு தள்ளுவதற்கு முன்பே மனம் தள்ளிவிட்டது!

உலகம் அதில் ஒரு பாடம் கற்றது. கத்தி எடுப்பதற்கு முன்னால் கணவனிடமும் மனைவியிடமும் மனநல டாக்டர் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

2014 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் டாக்டர் ஆந்திரே வான் டெர் மெர்வே, 21 வயது வாலிபருக்கு இந்த ஆபரேஷனைச் செய்தார். 9 மணி நேரம் ஆயிற்று. சடங்காகச் செய்த சுன்னத்தில் ரணமாகி உறுப்பை இழந்தவர் அந்த வாலிபர். அது நிலைத்தது. 2016-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், புற்றுநோயால் இழந்த ஒருவருக்குச் செய்தார்கள். அதற்கு 15 மணி நேரம்.

ஒரு மில்லி மீட்டர், இரண்டு மில்லி மீட்டர் அகலமுள்ள ரத்தக்குழாய்களைப் பூதக்கண்ணாடிக் கருவியின் கீழே வைத்து, தலைமயிரைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். இங்கே நரம்பையும் இணைக்க வேண்டும். நரம்பு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லி மீட்டர்தான் வளரும். உணர்ச்சி திரும்ப மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இதற்கு மாற்று வழியும் இருக்கிறது. நோயாளியின் முன்கைத் தோலையும் சதையையும் எடுத்தே உறுப்பு ஒன்றை அமைக்கிறார்கள். சொந்தச் சதை என்பதால் மருந்து தேவையில்லை. அந்த வழி போதாது என்ற நிலையில்தான் மாற்று உறுப்பைப் பற்றி நினைக்க வேண்டும்.

டாக்டர்கள் நிறுத்திய இடம்

2018 மார்ச்சில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், ஆப்கானிஸ்தான் போரில் குண்டுவெடித்துக் காயம்பட்ட சிப்பாய் ஒருவருக்கு மிகப் பெரிய ஆபரேஷன் நடந்தது. 14 மணி நேரம். ஆணுறுப்பு, விதைப்பையின் தோல், அடிவயிற்றின் ஒரு பகுதி எல்லாவற்றையும் மாற்றினார்கள். ஒன்றை மட்டும் மாற்றவில்லை. அது விந்தகம்.

கை நடுங்கியதாலா? இல்லை. விந்தகம் வேறொருவருடையது என்றால், அதில் ஊறும் உயிரணுவும் அவருடையதே. பிறக்கும் பிள்ளை, இறந்துபோனவரின் பிள்ளையாகும்! அதற்கு அவர் உயிரோடு இருந்தபோது சம்மதம் சொல்லவில்லை. ஆகவே "கூடாது" என்று டாக்டர்களே கோடு கிழித்தார்கள்.

மேலே சொன்ன உப்புப் பாத்தியை நினைத்துப் பாருங்கள். கர்ப்பப்பை பாத்தி. விந்தகம் தண்ணீர். தண்ணீர் மாறினால் உப்பும் மாறிவிடும்.

விந்தகத்தை மாற்றியதே இல்லையா? உண்டு. 1977-ல் அமெரிக்காவிலும், 2019 டிசம்பரில் செர்பியாவின் பெல்கிரேடு நகரிலும் நடந்தது. இரண்டு முறையும் அச்சாக ஒன்றுபோல இருந்த இரட்டைச் சகோதரர்களில் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தார். இருவரின் மரபும் ஒன்றே என்பதால் அங்கே சிக்கல் எழவில்லை.

கூவாகத்தின் கேள்வி

கூத்தாண்டவர் திருவிழாவுக்குத் திருநங்கைகள் கூடும் கூவாகம், கிளியனூரிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. "எங்களுக்கும் கர்ப்பப்பை கிடைக்குமா?" என்பது அவர்களில் சிலரின் ஆசை. இந்த ஆசை பழையது. 1931-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்ந்த ஓவியர் லிலி எல்பே இத்தகைய ஆபரேஷனுக்குப் பின் உயிரிழந்தார். 2012-ல் கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழக அறிஞர்கள் வகுத்த நெறிமுறையிலும், பெண்ணாகப் பிறந்தவர்களுக்கே கர்ப்பப்பை என்று இருந்தது. திருநங்கை ஒருவர் இப்படிப் பிள்ளை பெற்றது இதுவரை இல்லை. நாளை முடியலாம். அன்று அவர்களையும் ஆபத்தைச் சொல்லி, மதித்துப் பதில் சொல்வதுதான் நியாயம். வெறும் ஆசை காட்டி ஏமாற்றக்கூடாது.

ஏழை வீட்டுக் கதவு

கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி.

தமிழ்நாடு ஒரு கசப்பான பாடத்தைக் கண்டிருக்கிறது. சென்னை வில்லிவாக்கத்தில் ஒரு காலத்தில் ஏழைகள் சிறுநீரகத்தை விற்றார்கள். ஊர்ப் பெயரையே மாற்றி "கிட்னிவாக்கம்" என்று சொல்லும் அவலம் நேர்ந்தது. 2004 சுனாமியில் எல்லாம் இழந்து எர்ணாவூரில் குடியேறிய மீனவப் பெண்கள் பலர், கடனுக்காகச் சிறுநீரகத்தைக் கொடுத்தது 2007-ல் அம்பலமாயிற்று. 2025-ல் பள்ளிப்பாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் கதை வெளிவந்தது. சிறுநீரகத்துக்கு வந்த தரகன், கர்ப்பப்பைக்கு வரமாட்டானா? உப்பளத்தில் மழைக்காலத்தில் வேலை இல்லை. அடுப்பு எரிய வேண்டும். கடன்காரன் வாசலில் நிற்பான். அந்த நேரம் பார்த்துத்தான் தரகன் கதவைத் தட்டுவான்.

சட்டம் கடுமையாக இருக்கிறது. உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் வந்தது. 2011-ல் திருத்தப்பட்டது. உறுப்பை விற்றாலும் வாங்கினாலும் தரகு பார்த்தாலும் 5 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறை. 20 லட்சம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்.

2014-ம் ஆண்டு விதிகளில் ஒரு நல்ல வாசகம் இருக்கிறது. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அது அவளுடைய சொந்தச் சம்மதம்தான் என்பதை, உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதி செய்ய வேண்டும். இதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஏனென்றால், தரகன் மட்டும் தொல்லை தருவதில்லை. வீட்டுக்குள்ளேயும் தொல்லை உண்டு. "உன் மகளுக்குத்தானே? கொடுக்கமாட்டாயா?" என்று சம்பந்தி கேட்டால், எந்தத் தாய் மறுப்பாள்? "கொடுக்காவிட்டால் வேறு பெண் பார்ப்போம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், அந்தத் தாய் என்ன செய்வாள்? கையெழுத்துப் போடுவாள். அது சம்மதமா? மாட்டேன் என்று சொல்ல முடியாதவள் சொல்லும் சரி, சரி ஆகாது.

கொடுப்பவளைத் தனி அறையில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். மகளும் மருமகனும் அங்கே இருக்கக்கூடாது. "வேண்டாம் என்று சொல்லுங்கள், காரணத்தை நாங்கள் வெளியே சொல்லமாட்டோம்" என்று டாக்டர் வாக்குக் கொடுக்க வேண்டும். அதன் பிறகும் அவள் மனமார "கொடுக்கிறேன்" என்றால், அதுவே தானம்!

வேறு வழிகளும் உண்டு

பிள்ளை வேண்டும் என்றால் கர்ப்பப்பை மாற்று ஒன்றே வழி அல்ல. சட்டப்படி தத்து எடுக்கலாம். கர்ப்பப்பை இல்லாத பெண்ணுக்காக, வேறொருத்தி பணம் வாங்காமல் பிள்ளை சுமந்து கொடுக்க 2021-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. எது தகும் என்பதை ஆற அமர யோசிக்க வேண்டும்.

வயதுக்கு வரவேண்டிய பெண் வராவிட்டால், மந்திரவாதியிடம் ஓடாதீர்கள். ஊர் முழுவதும் பேசாதீர்கள். கிளியனூரில் பஸ் ஏறினால் அதே சாலையில், கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரி. டாக்டரிடம் காட்டினால் உண்மை தெரியும். கல்யாணத்துக்கு முன்பே இரு வீட்டாருக்கும் உண்மை தெரிந்தால், பின்னால் கண்ணீர் குறையும்.

உலகில் இன்று நூற்றுக்கும் அதிகமான பெண்களுக்குக் கர்ப்பப்பை மாற்றியாயிற்று. இனி இன்னும் பெருகும். டாக்டர்களின் கைத்திறன் வளர்ந்துகொண்டே போகும். அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நாம் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. "மலடி" என்ற சொல் நம் ஊரில் இருக்கும் வரையில், எந்தப் பெண்ணின் சம்மதத்தையும் முழுச் சம்மதம் என்று நம்ப முடியாது. அந்தச் சொல்லை முதலில் நம் வீட்டு வாசலிலிருந்து விரட்டுவோம். அதற்கு ஆபரேஷன் தேவையில்லை. பணமும் தேவையில்லை. பெரியவர்கள் வாயை அடக்கினால் போதும்!